நாடி இல்லாதவன் போன செத்தவீடு

என் கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி தட்டுப்படாது. நெஞ்சுக்குள் வைத்திருக்கும் பம்பு இரத்தத்தை விட்டுவிட்டுத் தள்ளுவதில்லை. வாய்க்கால் தண்ணீர்போல் ஒரே ஓட்டமாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. வயிற்றில் ஒரு துளை வழியாக வயர் ஒன்று வெளியே வந்து இடுப்புப் பையிலுள்ள பெட்டியில் சேரும். பெட்டிக்கு இரண்டு பற்றரிகள். அவ்வளவுதான் நான்.

சென்னையில் சத்திரசிகிச்சை முடிந்து திருகோணமலைக்குத் திரும்பும்போது ஒரு கைநூல் தந்தார்கள். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் சுற்றுநிருபங்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அது பழகிய இலக்கியம். மூன்று தரம் வாசித்தேன். அச்சுப்பிழை ஒன்றைக் கண்டுபிடித்து அவர்களுக்கு எழுதியும் போட்டேன்.

காலையில் எழுந்ததும் நிறை பார்க்க வேண்டும். பெட்டி காட்டும் எண்களைக் கொப்பியில் எழுத வேண்டும். பிறகு மனைவி கை கழுவி, முகக்கவசம் கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வயர் வெளியே வரும் இடத்துக்கு மருந்து கட்டுவாள். அந்த நேரத்தில் நான் விதிமுறை சொல்ல வாய் திறந்தால், "கிருமி விழும், வாயை மூடுங்கோ" என்பாள். இரத்தம் கட்டிபடாமல் இருக்கப் போடும் மாத்திரையின் அளவு குழம்பிவிடும் என்பதால், கீரையை ஒருநாள் அள்ளித் தின்று மறுநாள் விட ஏலாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியும் ஊரில் கடலில் இறங்க ஏலாது. இரண்டு பற்றரிகளையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. தண்ணீர் மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது; உடம்பில் நீர் வற்றினால் பம்புக்கு இழுக்க இரத்தம் போதாமல் போய்விடும். இந்தக் கடைசி விதியை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படம் கீறி விளக்கியவன் நான்.

அண்ணர் லிங்கநகரில் தமது வீட்டில் காலமானார். அவருக்கும் இதயம்தான். ஆனால் பம்பு வைப்பதைப் பற்றிக் கதைக்கக்கூட அவகாசம் இருக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். பிரேதம் வீட்டைவிட்டுப் போகும்வரை உடன்பிறந்தவர்கள் வாய் நனைப்பதில்லை. வந்தவர்களுக்கு அயல்வீட்டிலிருந்து சோடாவும் தேத்தண்ணியும் வரும், எங்களுக்கு வராது. கச்சான் காற்று அனலாக வீசிய நாள். பந்தலின் கீழ் காலையிலிருந்தே கதிரையில் இருந்தேன். மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு தரம் போத்தலோடு வந்தாள்.

"ஒரு மிடறு குடியுங்கோ. ஆர் பார்க்கினம்?"

"எல்லாரும் பார்க்கினம்."

"அந்தப் புத்தகத்தில செத்தவீட்டுக்கு விதிவிலக்கு எழுதியிருக்கோ?"

"பிரேதம் எடுத்தவுடன குடிக்கிறன். நீர் உள்ளுக்குப் போம்."

கொழும்பிலிருந்து வரவேண்டிய அண்ணரின் மகள் வழியில் தாமதம். பிரேதம் எடுக்கும் நேரம் தள்ளித் தள்ளிப் போனது. பகல் திரும்பிய பிறகு பந்தல் ஒருபக்கமாகச் சாய்வதுபோல் இருந்தது. சாய்ந்தது பந்தல் அல்ல.

பின்னர் நடந்தவற்றில் பாதியை நானே கேட்டேன், மீதியை மனைவி சொன்னாள். கண் திறக்க முடியவில்லை. காது மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தது. இடுப்புப் பை கூவத் தொடங்கியிருந்தது. ஓட்டம் குறைந்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து இப்படிக் கூவும் என்பது கைநூலில் இருக்கிறது. பந்தலில் இருந்தவர்கள் கைநூல் வாசிக்காதவர்கள்.

"ஆற்ற போன் அது? செத்தவீட்டில நிப்பாட்டி வைக்கத் தெரியாதோ?"

பக்கத்துவீட்டுக்காரர் முதலுதவி வகுப்பு முடித்தவர். நான் விழுந்து கிடப்பதைக் கண்டு ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார். கழுத்தைத் தொட்டார்.

"நாடி இல்லை!"

"ஐயோ, ஒரே நாளில ரெண்டோ!" என்று ஒரு பெண் குரல். உள்ளே ஒப்பாரி ஒரு படி ஏறியது. மேளக்காரர் இரண்டு அடி தவறவிட்டாராம். யாருக்காக அடிப்பது என்று அவருக்கும் குழப்பம் வந்திருக்கும். முதலுதவிக்காரர் என் நெஞ்சை அமத்தத் தயாரானார். அதற்குமுன் அந்தப் போனை நிறுத்துவோம் என்று பையைத் திறந்து உள்ளே கைவிட்டார். அவர் கையில் அகப்பட்டது பற்றரியின் இணைப்பு.

"விடுங்கோ! அதைக் கழட்டினால் ஆள் முடிஞ்சுது!" மனைவி சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாளாம். "அது போன் இல்லை, அதுதான் அவற்ற இதயம்! மேளத்தை நிப்பாட்டுங்கோ!"

மேளம் நின்றது. ஒப்பாரி நின்றது. அவள் நிலத்தில் இருந்து என் நெஞ்சில் காதை வைத்தாள்.

"ஓடுது," என்றாள். "காலைத் தூக்கிப் பிடியுங்கோ."

முதலுதவிக்காரர் என் இரு கால்களையும் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். கொஞ்சத்தில் எனக்குக் கண் திறந்தது. பை இன்னும் கூவிக்கொண்டிருந்தது. மனைவி செம்புத் தண்ணீரை உதட்டில் வைத்தாள். என் வாய் தானாக மூடிக்கொண்டது. முப்பது வருடம் விதிக்குப் பணிந்த வாய். எந்த விதிக்குப் பணிவது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

"பிரேதம் இன்னும் போகேல்லை," என்றேன்.

மனைவி செம்பை மறுபடி உதட்டில் அழுத்தினாள். இறுக மூடிய வாயில் பட்டுத் தண்ணீர் என் சட்டையில் சிந்தியது.

அப்போது கூட்டம் விலகியது. அண்ணி வந்துகொண்டிருந்தார். புருஷனின் தலைமாட்டிலிருந்து காலை முழுதும் எழும்பாதவர். நாற்பது வருடத்தில் என் தோளைத் தொட்டுக்கூடக் கதைத்ததில்லை. வந்தவர் என் பக்கத்தில் முழங்காலிட்டு, ஒருவரையும் கேட்காமல், நெஞ்சில் காதை வைத்தார். பந்தலில் ஒரு சத்தமும் இல்லை, அந்தப் பையின் கூவலைத் தவிர. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அந்தப் பம்பின் எண்களைத் தினமும் எழுதுகிறவன். அது ஓடுவதை ஒருநாளும் கேட்டவன் அல்ல. அண்ணியின் முகத்தில்தான் அன்று முதன்முதலாகக் கேட்டேன். ஒரு பிடி அளவான இரும்பு, ஒரு கணமும் நிற்காமல், நான் செய்த முட்டாள்தனத்தையும் பொறுத்துக்கொண்டு, இருக்கும் சொற்ப இரத்தத்தை மூளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"வண்டு மாதிரிக் கேக்குது," என்றார் அண்ணி. பிறகு தலையைத் தூக்கினார். "தம்பி, ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒண்டு போதும். குடியுங்கோ."

செம்பை அவரே வாங்கிப் பிடித்தார். அண்ணர் உள்ளே கிடக்க, ஊரே பார்த்திருக்க, நான் மிடறு மிடறாகக் குடித்தேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது செம்பு பாதியாகும்போது பையின் கூவல் நின்றது. முதலுதவிக்காரர் என் கால்களை இறக்க மறந்து அப்படியே நின்றார்.

"இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ," என்றார் அண்ணி. "அண்ணரைச் சுடலைக்கு நாங்கள் கொண்டுபோறம்." எழுந்து, மேளக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தம் புருஷனிடம் திரும்பிப் போனார்.