ஐந்து வோல்ட் வயர்

மலாய் நாட்டில் மாசாய் என்ற ஊருக்கு வந்த மறுநாள் காலை, சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் கடைக்காரர் "தண்ணி என்ன வேணும்?" என்று கேட்டார். மணி ஏழரை. எங்கள் ஓசூரில் அந்தக் கேள்விக்கு வேறு அர்த்தம். நான் விழித்ததைப் பார்த்து, தேநீரா, காப்பியா, மைலோவா என்று அவரே விளக்கினார். இங்கே குடிப்பதெல்லாம் தண்ணிதான். தமிழர்கள் இருக்கும் ஊர், பேச்சுக்குக் கவலையில்லை என்று விமானம் ஏறியவள் நான்.

பக்கத்து ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில், பொட்டலம் கட்டும் பழைய இயந்திரங்களுக்குப் புதிய கட்டுப்பாட்டு போர்டு பொருத்துவது என் வேலை. ஆறு மாதம் சோதனைக்காலம். அதைத் தாண்டினால்தான் இங்கே இருக்கலாம். முதல் இயந்திரம் நன்றாக ஓடியது. அடுத்ததும் அதே மாதிரிதானா என்று டெக்னீஷியன் லெட்சுமியைக் கேட்டேன். சிகாமட் என்ற ஊர்க்காரி, என் வயதை ஒட்டியவள். "சேம் லா, மேடம்" என்றாள், இங்கே எல்லோரும் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு. மீட்டர் வைத்துப் பார்க்காமல் வயர்களைச் செருகிவிட்டேன். மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் போர்டு செத்துக் கிடந்தது. அந்த இயந்திரத்தின் சென்சார் ஐந்து வோல்ட்டில் சிக்னல் அனுப்புவது. என் போர்டின் சிப்போ மூன்று புள்ளி மூன்றுக்குப் பழகியது, ஐந்தைத் தாங்காது.

மேலாளர் மலாய்க்காரர், குரலை உயர்த்தாதவர். யார் சரிபார்த்தது என்று கேட்டார். லெட்சுமியின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். ஓசூரில் என் முதல் வேலையில், இதே போன்ற ஒரு கேள்விக்கு என் அதிகாரி என்னைக் கைகாட்டியிருக்கிறார். அன்று பேருந்து நிலையம் வரை அழுதுகொண்டே நடந்தேன். அளக்காமல் விட்டது நான்தான் என்று மேலாளரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள் ஓட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் லெட்சுமி என்னை நிறுத்தினாள். "வயரு சேம்னுதான் நான் சொன்னேன். வோல்டேஜ நீங்க கேக்கவே இல்லையே, அக்கா." அதுவரை நான் மேடம்.

மாற்று போர்டை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு சிக்னல் வயரின் நடுவிலும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று, மின்தடை இரண்டு. நான் கணக்குப் பார்த்துச் சொல்ல, அவள் கை நடுங்காமல் சால்டர் வைத்தாள். சென்சார் பக்கம் ஐந்து, போர்டு பக்கம் மூன்று புள்ளி மூன்று. போகிற சிக்னலுக்கும் வருகிற சிக்னலுக்கும் அதே சுற்று போதும். இம்முறை ஒவ்வொரு வயரையும் இருவருமே அளந்தோம். வியாழன் மதியம் இயந்திரம் ஓடியது. சோதனைக்காலம் முடிந்து இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் கையில் வந்தபோது, லெட்சுமி தன் மோட்டார் சைக்கிளில் என்னை மூவார் ஊர் வரை கூட்டிப்போய் மீன் சாப்பாடு வாங்கிக் கொடுத்தாள்.

போன ஞாயிறு மதியம் தங்கை போனில் பேசினாள். ஓசூரில் கொட்டோ கொட்டென்று மழையாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் பால்கனிக்கு ஓடி, கொடியிலிருந்த துணிகளை எல்லாம் அள்ளிவிட்டேன். மாசாயில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காதில் மழைச் சத்தம் கேட்கக் கேட்க, ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக மறுபடி வெயிலில் விரித்தேன்.