மச்சான் கை வைக்காத ஒரே ஆள்

டிரைவரின் மணிக்கட்டு உடைந்தபோது பெரிதாகச் சத்தம் எதுவும் வரவில்லை. முருங்கைக் கிளை ஒடிகிற அளவுக்குத்தான் கேட்டது. ரிங் ஸ்பேனர் சிமெண்ட் தரையில் விழுந்து குதித்த சத்தம் அதைவிட அதிகம். அவர் கத்தக்கூட இல்லை. தொங்கிப்போன வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, "ஐயாகிட்ட நான் ஒண்ணும் பண்ணலன்னு மட்டும் சொல்லிடுங்கண்ணே" என்றார். கை போன நேரத்தில் கேட்கிற உதவியா இது என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அவரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தது நான்தான். சண்டையை விலக்கத்தான் போனேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். விலக்கப் போகிறவன் எங்கே அடிக்கிறவனைப் பிடிக்கிறான்? அடி வாங்குகிறவனைத்தான் பிடிக்கிறான். அதுதானே சுலபம்.

அடித்தவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், குடிகாடு ஊரிலிருக்கும் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டியதும் எங்கள் பட்டறை. பழைய கார்கள் மட்டும்தான் பார்ப்போம். மச்சானுக்கு வாயில் பேச்சு வருவதற்கு முன்னால் கை வந்துவிடும். டீ ஆறியிருந்தால் டம்ளர் பறக்கும். ஸ்டார்ட் ஆகாத வண்டியின் பானட்டை ஆளை அறைவதுபோல் அறைவார். உரசிக்கொண்டு போன ஒரு பஸ்ஸை அடுத்த நிறுத்தத்தில் மறித்து, டிரைவரை இறக்கி, பயணிகள் பார்க்கப் பார்க்க மிதித்திருக்கிறார். பட்டறைக்கு வேலைக்கு வந்த யாரும் ஒரு வருஷத்தைத் தாண்டியதில்லை. போகும்போது ஆளுக்கொரு தழும்போடு போனார்கள். என்னை மட்டும் அவர் தொட்டதே இல்லை. தங்கை புருஷன் மேல் கை வைத்துவிட்டு அந்தத் தங்கை முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைப்பார். ஊரையே வாடா போடா என்கிறவர் என்னை 'வாங்க மாப்ள' என்பார். அந்த மரியாதைக்குள் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர்கள் அடி வாங்குவதைப் பல வருஷம் வேடிக்கை பார்த்தவன் நான்.

ஆயில் லீக் பார்க்கும்போது மட்டும் மச்சானுக்கு எங்கிருந்துதான் அந்தப் பொறுமை வருமோ. எண்ணெய் சொட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே ரப்பர் சீல் வளையத்தை மாற்றுகிற மெக்கானிக்கைக் கண்டால் அவருக்கு ஆகாது. மேலே எங்கோ கசிகிற எண்ணெய், ஃபேன் காற்றில் பின்னால் ஓடி, கீழே வேறெங்கோ சொட்டும். அதனால் முதலில் டீசல் ஊற்றித் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சி இன்ஜினைக் கழுவ வேண்டும். காய்ந்ததும் முகத்துக்குப் பூசுகிற பவுடரை அதன் மேலெல்லாம் தூவ வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு, விளக்கையும் சின்னக் கண்ணாடி ஒன்றையும் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தால், பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் கோளாறு. கழுவுவதும் பவுடர் தூவுவதும் என் வேலை. கண்டுபிடிப்பது அவர் வேலை.

அந்த அம்பாசிடர் சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியருடையது. பக்கத்தில் கிள்ளை ஊர்க்காரரான அந்த டிரைவர் இருபது வருஷமாக அதை ஓட்டிக்கொண்டிருந்தார். பேராசிரியர் வீட்டுச் சாவி இவர் இடுப்பில்தான் இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதிலிருந்து, அவர்கள் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டது வரை எல்லாம் இவர்தான். ஐயா என்னை நம்பித்தான் கண்ணை மூடித் தூங்குகிறார் என்று பட்டறைக்கு வந்தாலும் அதே பேச்சு. முதல் தடவை வந்தபோது, இன்ஜின் தலைமேல் மூடியில் இருந்த கார்க் கேஸ்கட் இற்றுப்போயிருந்தது. மச்சான் கண்டுபிடித்து மாற்றினார். பத்தே நாளில் வண்டி திரும்பி வந்தது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று எங்கே தொட்டாலும் எண்ணெய். மச்சானுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கழுவவும் விடவில்லை, பவுடரும் போடவிடவில்லை. நேரே எல்லா சீல்களையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டார். மறு வாரம் வண்டி மறுபடியும் எண்ணெயில் குளித்துக்கொண்டு வந்து நின்றது. பேராசிரியர் போனில், டூப்ளிகேட் சாமான் போட்டீர்களா என்று கேட்டிருக்கிறார். மச்சான் போனை மேஜைமேல் எறிந்தார். அந்த நேரம் பார்த்து டிரைவர், நல்ல எண்ணத்தில்தான், "எதையோ பாக்காம வுட்டுட்டீங்கண்ணே" என்றார். முதல் அறையிலேயே அவர் உதடு கிழிந்தது. இரண்டாவதில் சுவரோடு போய் மோதினார். மூன்றாவது ஸ்பேனர்.

ஆஸ்பத்திரியில், பானட் மூடி கைமேல் விழுந்துவிட்டது என்று டிரைவரே சொல்லிவிட்டார். அவரை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்து, தனியாக அந்த இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தேன். குக்கர் விசில் போட்டதுபோலப் புகை குப்பென்று என் முகத்தில் அடித்தது. எந்த இன்ஜினுக்கும் மூச்சுவிட ஒரு குழாய் உண்டு, பிரீதர் என்போம். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எத்தனை புது சீல் போட்டாலும் அதைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். கீழே கைவிட்டுக் குழாய் வாயைத் தடவினேன். உள்ளே வண்டி துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி, நன்றாக முறுக்கித் திணித்தது. வண்டி முதல் தடவை வந்தபோது, கழுவுகிற தண்ணீர் உள்ளே போகக் கூடாதென்று நான் திணித்தது. எடுக்க மறந்தவனும் நான்தான்.

மச்சான் பின்னால் வந்து நின்று, இன்னா மாப்ள அது என்றார். பிரீதரில் இருந்தது என்றேன். துணியை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "அந்த டிரைவர் நாய்தான் அடைச்சிருக்குமா?" என்றார். என்னைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இல்லை என்று சொல்ல எனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

"இருக்கும் மச்சான்" என்றேன்.

அந்த நிமிஷமே அவர் பேராசிரியருக்குப் போன் போட்டார். உங்கள் டிரைவர் துணியை அடைத்து வண்டியைக் கெடுத்திருக்கிறான், அவனை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள் என்றார். இருபது வருஷம் அந்த ஒரு போனில் முடிந்தது. அதன் பிறகு அந்த வண்டியில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. ஆறு வருஷமாக மச்சான் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கையை உடைத்தது போதாது, காலையும் உடைத்திருக்க வேண்டும் என்பார். நானும் கூடவே சிரிப்பேன். த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

போன ஆடியில் வேறொரு பழைய கார் அதே மாதிரி எல்லாப் பக்கமும் கசிந்துகொண்டு வந்தது. மச்சான் குனிந்து பார்க்கக்கூட இல்லை. ஓட்டி வந்த மனிதரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, நீயும் துணி அடைத்தாயா என்று கேட்டுக் கேட்டு அறைந்தார். அவர் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. ஸ்பேனர் மேலே எழுந்தபோது, நான் பாய்ந்து மச்சானின் கையைப் பிடித்துத் தொங்கினேன். "அன்னைக்கு அந்தத் துணிய அடைச்சது நான்தான் மச்சான்" என்றேன்.

அவர் கையை உதறினார். அப்படியே திரும்பி எங்கள் இரும்பு பீரோவை ஸ்பேனரால் அடிக்க ஆரம்பித்தார். கதவு கழன்று விழுகிறவரை அடித்தார். விழுந்த கதவையும் அடித்தார். அவருடைய விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். மூச்சு வாங்க என்னிடம் வந்து, "வேற எவனாச்சும் இருந்தா இங்கயே பொதச்சிருப்பேன் மாப்ள" என்றார். அப்போதும் மாப்ள. கையைக்கூடக் கழுவாமல் என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். நேரே கிள்ளையில் டிரைவர் வீட்டில்தான் நிறுத்தினார்.

டிரைவர் வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் போனார். வலது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது, முடிச்செல்லாம் இடது கையும் பல்லும்தான். மச்சான் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டு, ரத்தம் காய்ந்த தன் வலது கையை அவர் முன்னால் நீட்டினார். என் கையை உடைத்துக்கொள், இந்த மாப்ளயை அடிக்கவேண்டுமென்றாலும் அடி, நான் குறுக்கே வர மாட்டேன் என்றார். நானும் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடி விழுந்தால் தேவலை என்று இருந்தது.

டிரைவர் பாதியில் விட்ட முடிச்சைப் போட்டு முடித்தார். "ஐயா செத்து ரெண்டு வருஷம் ஆவுதுண்ணே" என்றார். "சாவுக்குப் போனேன். வூட்டுக்குள்ள வுடல. தெருவுலயே நின்னு கும்புட்டுட்டு வந்துட்டேன்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று மச்சானுக்குத் தெரியவில்லை. டிரைவர் அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நான் அடைக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமேண்ணே. அத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"