கியர் தண்டுக்கு ஒரு தோல் புஷ்

பிள்ளைகளே, ஒருவரைப் 'பெரிய மனிதர்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அறுபதுகளில் நான் பம்பாய்த் தாராவியில் கார் ரிப்பேர் செய்தபோது நடந்த சங்கதிதான் காரணம்.

மாதுங்காவில் ஒருவரிடம் இங்கிலாந்தில் செய்த பழைய கார் இருந்தது. கியர் சரியாக விழவில்லை. "நீதான் கெடுத்திருக்கே. இன்னிக்குச் சரியாகலேன்னா உனக்கு வேலை கெடையாது" என்று டிரைவர் செல்லப்பாவை மிரட்டினார். அவன் என்னை அழைத்துப் போனான்.

கழற்றிப் பார்த்தேன். கியர் தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் புஷ் என்ற வளையம் பழசாகித் தேய்ந்து தூளாகியிருந்தது. செல்லப்பாமேல் குற்றமே இல்லை. புதிய புஷ் எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் பதனிட்ட தடித்த தோலை வளையமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். கியர் சுகமாக விழுந்தது.

அவர் ஓட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "என்னடா போட்டே?" என்றார். சொன்னேன்.

"தாராவித் தோலா? கர்மம்! கோவிலுக்குப் போற வண்டிடா. கழட்டி எறி!"

செல்லப்பா பணிவாகவே கேட்டான்: "அப்ப நீங்க உக்காந்திருக்க தோல் சீட்டையும் கழட்டிரணுமா சார்?"

"மடையா, அது இங்கிலாந்துத் தோல்டா!"

செல்லப்பா சாவியை பானெட்மேல் வைத்தான். "வாங்க அண்ணாச்சி, போவோம். இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்றான். நான் என் தோல் வளையத்தைக் கழற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அதுவரை சுத்தம் பேசுகிறவர்கள் முன்னால் நான் ஒதுங்கித்தான் நிற்பேன். நம்மிடம்தான் ஏதோ அழுக்கு என்று நினைத்திருந்தேன். அவருக்கு அருவருப்பு தோல்மேல் இல்லை, அதைப் பதனிடும் நம்மேல்தான். இந்த மாதிரி ஆளுக்கா இத்தனை வருஷம் ஒதுங்கி நின்றேன்!