அழிக்காமல் வைத்த பழைய ஃபைல்

கொழும்பு வெள்ளவத்தையில நான் கணினிகளைப் பார்த்துக்கொண்ட இரத்தப் பரிசோதனைக் கூடத்தில ஒரு சட்டம்: எதையும் அழிக்கக் கூடாது. முதலாளி டொக்டர் ஒருக்கா கலவரத்தில வீட்டோட எல்லாத்தையும் எரியக் குடுத்த மனுசன். பழைய பில்லைக்கூட எறிய விடமாட்டார்.

இன்டர்நெட் லைனை மாத்தினபோது லினக்ஸ் சேர்வருக்குப் புது நெட்வேர்க் ஃபைல் ஒண்டு போட்டு, அதில அதின்ர புது விலாசத்தை எழுதினன். எல்லாம் ஒழுங்கா ஓடிச்சுது. உடன டொக்டர், "பழைய ஃபைலையும் அதே ஃபோல்டருக்குள்ள வை, பிள்ளை" எண்டார். அவரோட வாதாடி ஆருக்கு லாபம்? வைச்சன்.

அடுத்த கிழமை கரண்ட் போய் வந்துது. சேர்வர் எழும்பிச்சுது, ஆனா ஒரு கணினிக்கும் அது அம்பிடேல்லை. டெங்கு காலம். காய்ச்சல் விடேக்கதான் ஆபத்து எண்டு டொக்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். கவுண்டருக்கு முன்னால தாய்மார் பிள்ளைகளை மடியில வைச்சுக்கொண்டு காத்திருக்கினம். டெஸ்ட் மெஷினில ஒரு ரத்தத்தின்ர பிளேட்லெட் படுமோசமா விழுந்து கிடக்குது. குழாயில ஒட்டியிருக்கிறது இலக்கம் மட்டும். அது எந்தப் பிள்ளையின்ர எண்டு சேர்வருக்குத்தான் தெரியும்.

"கெதியாப் பார்!" எண்டு டொக்டர் என்ர தலைக்கு மேல நிண்டு கத்தினார். வயரில பிழையில்லை. நான் எழுதினதும் சரி. ஆனா சேர்வர் பழைய விலாசத்தில நிக்குது. அது எழும்பேக்க அந்த ஃபோல்டரில கிடக்கிற எல்லா ஃபைலையும் வாசிக்கும். கடைசியா வாசிச்சதுதான் செல்லும். கடைசியா இருந்தது இவர் வைக்கச் சொன்ன பழசு. வந்துதே எனக்கு விசர்! வேற இடத்துக்கு மாத்தியிருக்கலாம். மாத்தேல்லை, அவற்ர கண்ணுக்கு முன்னாலயே அழிச்சன். சேர்வரைத் திரும்ப எழுப்பினன்.

பேர் வந்துது. நாலு வயசுப் பொம்பிளைப் பிள்ளை. கவுண்டரில கூப்பிட்டா ஆளில்லை. "சிஸ்டம் வேலை செய்யேல்லை, நாளைக்கு வாங்கோ" எண்டு அங்க இருந்தவள் அனுப்பிப்போட்டாள். போன் அடிச்சா எடுக்கினமில்லை.

டொக்டர் செருப்பில்லாம, வாகனம் நிறைஞ்ச காலி வீதியில இறங்கி ஓடினார். நானும் பின்னால ஓடினன். பஸ் ஹோல்ட்டில தாய், பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு நிண்டா. எங்களைக் கண்டதும் சிரிச்சா.

"காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர். இப்பதான் நல்லா நித்திரை கொள்ளுறாள்."

அவர் பிள்ளையின்ர காலைத் தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டன். ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்துது.

"ஆஸ்பத்திரிக்கு ஒரு த்ரீவீல் ஓட்டோவை மறி, பிள்ளை" எண்டார், தாய்க்குக் கேளாமல்.