சுவரோரக் குப்பைமேனி

பஸ் ஓட்டுகிறவனுக்குத் தும்மல் ஆகாது. தும்மும்போது கண் தானாக மூடிக்கொள்ளும்; உசிலம்பட்டி ரோட்டில் அந்த நேரம் பார்த்துத்தான் மாடு குறுக்கே வரும். எனக்கோ ஒன்றோடு நிற்காது, வரிசையாகப் பத்து வரும். மருந்துக்கடை மாத்திரை போட்டால் கண் சொக்கும். "பயணிங்ககிட்டருந்து இன்னொரு புகார் வந்தா ஒங்களுக்கு ஆபீஸ் வேலதாண்ணே" என்று டிப்போ மேலாளர் சொல்லிவிட்டார். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனை நாற்காலியில் உட்கார வைப்பதாவது! பயந்துதான் போனேன்.

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் வெடிப்பிலும் அடியிலும் குப்பைமேனி மண்டிக் கிடந்தது. சளிக்கு அதைவிட மருந்து கிடையாது என்பது என் மனைவியின் தீர்மானம். யாரையும் பிடுங்க விடமாட்டாள். கோடையில் தண்ணீர் வேறு ஊற்றுவாள். காலையில் நானே சுவரோரம் குத்தவைத்து இலை பறிப்பேன். அவள் வைத்த கசாயத்தைக் குடித்துவிட்டுத் தும்மிக்கொண்டே டூட்டிக்குப் போவேன். தும்மல் கூடக் கூட அவள் இலையைக் கூட்டினாள்.

கடைசியில் அலர்ஜி பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம். முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து விட்டு, ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் லேசாகக் குத்தினார். கால் மணி நேரத்தில் ஒரே ஒரு இடம் கொசு கடித்தது போலத் தடித்தது.

"குப்பைமேனி மகரந்தம். வீட்டுப் பக்கம் இருக்கா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"அது மருந்துல்ல டாக்டர்?" என்றாள்.

"இலை மருந்தா இருக்கட்டும்மா. பூத்தூள் காத்துல பறந்து இவரு மூக்குல ஏறுதே."

மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும், கண் சொக்க வைக்காத மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவளே மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு செடிகளைப் பிடுங்கினாள். "வளர்த்த கடா மார்புல பாஞ்சிருச்சே" என்று ஜன்னலுக்கு உள்ளேயிருந்து சீண்டினேன். வேரோடு ஒரு செடி ஜன்னல் கம்பியில் வந்து விழுந்தது.

மூன்று வாரம் கழித்து, என் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க போற?"

"சும்மா வாரேன், ஓட்டுங்க."

உசிலம்பட்டியில் எல்லாரும் இறங்கினார்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஒரு தடவகூட தும்மலங்க" என்றாள்.

திரும்பும் ட்ரிப்பிலும் அதே சீட்டில்தான் வந்தாள்.