ஏழு மணிக்கு அழைக்க வேண்டியவள்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் சனிக்கிழமைதோறும் ஒரு தாள் ஒட்டப்படும். மற்ற வீடுகளில் அந்த இடத்தில் மளிகைப் பட்டியலோ பிள்ளைகளின் பள்ளி அட்டவணையோ இருக்கும். எங்கள் தாளில் இருப்பது, எந்த மணியிலிருந்து என் கணவரைக் காணவில்லை என்று நான் கருதத் தொடங்க வேண்டும் என்பது. புறப்படும் நேரம், பறக்கும் தடம், விமானத்தின் நிறம், எரிபொருள் எத்தனை மணி நேரம் தாங்கும், திரும்பும் நேரம் எல்லாம் அதில் உண்டு. கடைசி வரியில் ‘ரெஸ்பான்சிபிள் பெர்சன்’, அதாவது பொறுப்பாளர், என்று அச்சிட்டிருக்கும். அதற்கு நேரே என் பெயர். அவர் சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கடந்தும் அழைப்பு வராவிட்டால், தேடல் மீட்புப் பணியினருக்கு நான் தொலைபேச வேண்டும். யாரையும் கலந்துகொள்ளாமல், இன்னும் சற்றுப் பார்ப்போம் என்று எண்ணாமல், அந்த நிமிடத்திலேயே.

தென்காசியில் வளர்ந்த ஒருத்திக்கு இது எளிதன்று. வெளியே கிளம்புகிறவரை ‘எங்கே’ என்று கேட்பது எங்கள் பக்கம் ஆகாது. மிகவும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ‘தூரமா?’ என்று கேட்போம். எப்போது வருவீர்கள் என்றும் நெருக்குவதில்லை. வராமல் போகக்கூடும் என்ற நினைப்புக்கு வீட்டில் இடமே கொடுப்பதில்லை. இங்கே, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அந்த நினைப்புக்கு ஒரு படிவமே இருக்கிறது.

இலஞ்சிக்காரரான என் கணவர் சண்முகம் ஐம்பது வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை. பறப்பதைவிடப் பறக்கும் முன் செய்வதில்தான் அவருக்குப் பெரும்பொழுது கழியும். விமானத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிவந்து ஒவ்வொரு திருகையும் கீலையும் தொட்டுப் பார்ப்பார். இறக்கையின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குழலில் வடித்து, வெளிச்சத்தில் பிடித்து, அடியில் நீர்த்துளி தங்கியிருக்கிறதா என்று தேடுவார். மனப்பாடமான சரிபார்ப்புப் பட்டியலையும் எழுத்தைப் பார்த்தே வாய்விட்டுப் படிப்பார். தன் வரம்புகளைத் தானே எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பார்: காற்று இவ்வளவுக்கு மேல் என்றால் கிளம்புவதில்லை, எதிரே அடிவானம் தெரியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். மேலே போய் முடிவெடுக்கக் கூடாது, கீழே மேசையருகே காப்பி குடிக்கும்போது எடுத்த முடிவுக்கு மேலே கீழ்ப்படிய வேண்டும் என்பது அவருடைய பயிற்சியாளர் அம்மையார் ஓயாமல் சொல்வது.

இதைக் கேட்டபோது எனக்கு அண்ணன் நினைவுதான் வந்தது. முப்பது ஆண்டுகள் காவல்துறையில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர் அவர். சீசன் நாள்களில் குற்றாலம் பேரருவியில் அவருக்குப் பணி. மலைமேல் மழை பிடித்தால் அருவியின் ஓசை கனக்கும், தண்ணீர் செம்மண் நிறம் காட்டும், சருகும் சுள்ளியும் விழும். அந்த நொடியே அவர் விசிலடித்துவிடுவார். “ஏட்டையா, ராத்திரி முழுக்க பஸ்ல வந்திருக்கோம், ஒரே ஒரு தடவை தலையைக் காட்டிட்டு வந்துடறோம்” என்று கெஞ்சுவார்கள். “ஏலே, வெளிய வாலே! நீ பஸ்ல வந்தது தண்ணிக்குத் தெரியுமா?” என்பார் அண்ணன். சில நாள் தண்ணீர் பெருகாமலே அடங்கிவிடும். அன்றெல்லாம் குடும்பம் குடும்பமாக அவரைத் திட்டிவிட்டுப் போவார்கள். நடக்காமல் போன விபத்துக்கு யார் நன்றி சொல்லியிருக்கிறார்கள்?

சென்ற ஆண்டு ஆனி மாதம் அந்த அண்ணனின் மகள் திருமணத்துக்காக நான் மட்டும் தென்காசிக்கு வந்திருந்தேன். என் கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சனிக்கிழமைப் பறத்தலை விட்டுவிடவும் மனமில்லை. “அங்க இருந்து நீயே பாத்துக்கிடுதியா, இல்ல பக்கத்து வீட்டுல சொல்லட்டுமா?” என்று கேட்டார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்தப் பொறுப்பை இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. வெளிநாட்டிலிருந்து அழைத்தால் கிடைக்கும் எண்ணைத் தேடி எழுதி, அது வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதித்தும் கொடுத்தார். தாளின் படம் என் கைப்பேசிக்கு வந்தது. ஆறு மணிக்குத் திரும்புவார். ஏழு மணிவரை செய்தி இல்லையென்றால் நான் அழைக்க வேண்டும். அவருடைய சனிக்கிழமை மாலை ஏழு, எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை.

திருமணத்துக்கு நான்கு நாள் இருந்தது. வாசலில் பந்தக்கால் நட்டாயிற்று. வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்த உறவினர் கூட்டத்தை, நெரிசலுக்கு முன்பே ஐந்தருவிக்கு அழைத்துப்போக வாசலில் வேன் நின்றது. மதினி என் உச்சந்தலையில் நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆறரை ஆயிற்று. கணவரை அழைத்தேன். மணியே அடிக்கவில்லை.

“என்னட்டி போனையே மொறைச்சுக்கிட்டு இருக்க? வேன்காரன் ஹாரன் அடிக்கான் பாரு.”

“அவுக இன்னும் எறங்கல மதினி. ஏழு மணிக்குள்ள கூப்பிட்டிருக்கணும்.”

“ஏழு எங்க ஆச்சு?”

“அங்க ஆயிட்டு.”

அடுத்து நான் செய்ய வேண்டியதைச் சொன்னேன். மதினியின் எண்ணெய்க் கை என் வாயைப் பொத்தியது. “வாயக் கழுவு. பந்தக்கால் நட்ட வீட்டுல தேடுதது, மீக்கதுன்னு பேசலாமா? கல்யாணப் பொண்ணு காதுல விழப் போகுது.”

“மாப்பிள்ள மேகத்துக்குள்ள நின்னு யார்ட்டயாவது வழி கேட்டுக்கிட்டு இருப்பாரு” என்றார் வாசுதேவநல்லூர்ச் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணன் என்னைத் தனியே அழைத்துப்போனார். “நான் முப்பது வருசம் டிபார்ட்மென்டுல இருந்தவன் சொல்லுதேன், கேளு. ஒரு தடவ பேரு ரெக்கார்டுல ஏறிட்டுன்னா அப்புறம் எறங்காது. நாளைக்கு லைசென்ஸப் புடுங்கிட்டாம்னா மாப்பிள்ள உன்னத்தான கேப்பாரு, எவனக் கேட்டு போன் போட்டன்னு? எங்கனயாவது எறங்கி டீ குடிச்சுக்கிட்டு இருப்பாரு. அரை மணி நேரம் பொறு.”

அதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அரசாங்கம் வாசலுக்கு வந்தாலே கேடு என்று கண்டு வளர்ந்த ஒரு மண்ணின் அன்பு அது. அந்தக் கேட்டை அவர் அரசாங்கத்தின் உள்ளேயே இருந்து கண்டவர். இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்தும் அந்த அன்பு எனக்கு உடனே புரிந்தது. அதில் அடங்கி உட்கார்ந்தேன். ஆறு ஐம்பது. ஏழு. அழைத்தால் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அழைக்காத வரையில் ஒன்றும் ஆகவில்லை. இப்படித்தான் என் அறிவு அன்று வேலை செய்தது. புத்தகம் படித்தவள் என்ற பெயரால் ஒரு பயனும் விளையவில்லை.

ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு அண்ணனிடம் போய் நின்றேன்.

“அருவியில விசிலடிக்கதுக்கு முன்னால நீ யார்ட்டயாவது கேப்பியா அண்ணே?”

“அது வேறட்டி. அங்க தண்ணி நெறம் மாறுதது கண்ணுக்குத் தெரியும். இங்க என்ன தெரியுது?”

“மணி தெரியுது.”

அண்ணன் வாசலுக்குப் போய், “ஏ தம்பி, வண்டிய அணைச்சுரு. இன்னைக்கு யாரும் போகல” என்றார். நான் இருந்த அறைக் கதவைச் சாத்தி, வெளியே காவலுக்கு நிற்பவர்போல் நின்றுகொண்டார்.

மறுமுனையில் ஒரு பெண்குரல். அவசரமே இல்லாத குரல். நான்தான் பொறுப்பாளரா என்று கேட்டது. ஆமாம் என்றேன். எங்கிருந்து பேசுகிறேன் என்று கேட்டது. தென்காசி என்றேன். “அது ரெட் டீர் பக்கமா?” என்றது, ஆல்பர்ட்டாவின் ஒரு நகரத்தைச் சொல்லி. இல்லை, இந்தியா. பிறகு, ‘சோல்ஸ் ஆன் போர்டு’ எத்தனை என்று கேட்டது. விமானத்தில் எத்தனை பேர் என்பதைத்தான் அவர்கள் அப்படிக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆன்மா என்ற சொல்லை நாம் அஞ்சலிச் சுவரொட்டிகளில் அல்லவா அச்சிடுகிறோம்? ‘ஒன்று’ என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. எப்போது அழைத்திருக்க வேண்டும் என்று கேட்டது. ஏழு. இப்போது அங்கே ஏழு நாற்பது. அந்தக் குரல் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குறித்துக்கொண்டது.

தென்காசி மணி எட்டே முக்காலுக்குச் செய்தி வந்தது. உயிரோடு இருக்கிறார், ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். அவர்கள் அந்தத் தடத்திலிருந்த பண்ணைகளுக்கெல்லாம் தொலைபேசியிருக்கிறார்கள். ஒரு விவசாயி, தாழ்வாகப் போன எஞ்சின் ஓசை திடீரென்று நின்றதைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். கடுகுபோல இடுப்புயரம் மஞ்சளாகப் பூத்திருந்த கனோலா என்ற எண்ணெய்ப் பயிரின் வயலில் விமானம் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது.

மருத்துவமனையிலிருந்து அவரே பேசினார். குரல் மெலிந்திருந்தது. வலது கணுக்கால் முறிந்திருந்தது. கைப்பேசி நொறுங்கிவிட்டது. விமானத்தின் ஆபத்து அறிவிப்புக் கருவியின் ஆண்டெனாவும் கவிழ்ந்தபோது முறிந்துவிட்டது. பெட்ரோல் ஒழுகியதால், கற்றுக்கொடுத்தபடி விமானத்தை விட்டுத் தவழ்ந்து தூரப் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

“நீ எத்தனை மணிக்குக் கூப்பிட்ட?”

“ஏழு நாப்பது.”

“வாட்ச்சைப் பாத்துக்கிட்டே கிடந்தேன். ஏழு அடிச்சதும், சரி, கூப்பிட்டிருப்பா, ஒண்ணே கால் மணி நேரத்துல வந்துருவாங்கன்னு நெனச்சேன்.” பிறகு, “பரவாயில்ல. கூப்பிட்டேல்லா” என்றார்.

எட்டு இருபதுக்கு அங்கே ஆலங்கட்டி மழை தொடங்கியிருக்கிறது. ஒன்பதுக்கு அவரைக் கண்டெடுக்கும்வரை விடவில்லை. விமானத்தின் அடியில் ஒதுங்க முடியாமல், முறிந்த காலோடு, திறந்த வயலில் நாற்பது நிமிடம். குறித்த மணியிலேயே நான் அழைத்திருந்தால் அந்த மழை பெய்தபோது அவர் ஆம்புலன்ஸுக்குள் இருந்திருப்பார். இந்தக் கழித்தலை எனக்கு யாரும் செய்துகாட்டவில்லை.

தன் பங்கை அவர் மறைக்கவில்லை. எதிரே அடிவானம் மறைந்தபோதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் அது திரும்பி வரும் பயணம். வீட்டுக்கு இன்னும் இருபது நிமிடம்தான். சட்டைப்பையிலிருந்த வரம்பைக் கடந்து அந்த இருபது நிமிடத்தைப் பறந்துபார்த்தார். மேகம் கீழே அழுத்த, பார்வை அற்றுப்போகும் முன் எஞ்சினை அணைத்து வயலில் இறக்கினார். ஒரே ஒரு தடவை என்று அருவியின் முன் கெஞ்சுகிறவர்களைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்திருக்கிறோம்.

கால் தேறி, இந்த வசந்தத்தில் அவர் மீண்டும் பறக்கத் தொடங்கினார். பொறுப்பாளர் வரியில் யார் பெயரை எழுத என்று கேட்டார். கேட்டது நியாயம்தான், ஆனாலும் வலித்தது. என் பெயரை எழுதச் சொன்னேன்; அதன் கீழே பக்கத்து வீட்டுப் பெண்மணியின் பெயரையும். உங்கள் வீட்டிலும் புதிதாக விமானம் ஓட்டக் கற்ற கணவனோ மகளோ இருக்கக்கூடும். குறித்த மணி வந்ததும் அழைத்துவிடுங்கள். அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நம்பிய பிறகு அழைக்கலாம் என்றிருக்காதீர்கள்; நம்பாமலே அழையுங்கள். அந்த நம்பிக்கை வரும்வரை காத்திருப்பது மனித இயல்பு என்பதால்தான் அந்த வரியைப் படிவத்தில் வைத்திருக்கிறார்கள்.

திருமண வீட்டில் இந்தக் கதை வேறாகவே சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. சாமி புண்ணியத்தில் காலோடு போயிற்று; இவள்தான் பொறுக்கமாட்டாமல் விடியற்காலையில் கனடாவையே எழுப்பிவிட்டாள் என்று மதினி செல்லமாகச் சொல்வார். இங்கே விமானக் கிளப்பில் பயிற்சியாளர் அம்மையார், பெயர் சொல்லாமல், புதிய விமானிகளுக்குச் சொல்கிறார்: மேலே இருந்தவர் இருபது நிமிடம் தவறினார், கீழே இருந்தவர் நாற்பது நிமிடம். ஓர் ஊரில் நான் அவசரப்பட்டவள், மற்றோர் ஊரில் காலம் தாழ்த்தியவள். இரண்டும் ஒரே அழைப்பு. எது உங்கள் ஊர் என்று யாராவது கேட்கும்போது, இரண்டுமல்லாத அந்த நாற்பது நிமிடத்துக்குள் போய் நிற்கிறேன். சன்னலுக்கு வெளியே சாரல் அடிக்கிறது. எங்கோ ஒரு மஞ்சள் வயலில் ஆலங்கட்டி இன்னும் விழத் தொடங்கவில்லை. என் கையில் எண்ணெய் பிசுபிசுக்கிறது. விரல் கைப்பேசித் திரைக்கு மேலே நிற்கிறது.