முங்கி எழுந்த அன்று மலை ஏறக்கூடாது

ஏற்காட்டுக்காரனுக்குக் கடலுக்கடியில் என்ன வேலை என்று என்னைக் கேட்காத ஆளில்லை. ஏரிக்கரை ஹோட்டலில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, "போட்டிங் நொம்ப நல்லா இருக்குமுங்க, அவசியம் போயிட்டு வாங்க" என்று வருகிறவர்களையெல்லாம் அனுப்பி வைப்பவன் நான். அந்தப் படகில் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. தண்ணீர் என்றால் அத்தனை பயம்.

அப்பா கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்தார். பள்ளிக்கூடம் போகிற வயதில் அங்கே காப்பிக்கொட்டை அலசுகிற தொட்டிக்குள் விழுந்துவிட்டேன். கொழகொழத்த தண்ணீர், வழுக்கும் சுவர், பிடிக்க எதுவும் கிடைக்கவில்லை. அப்பாதான் தலைமுடியைப் பற்றித் தூக்கி வெளியே போட்டார். உயிரைக் காப்பாற்றினார், சரி. அதோடு விட்டாரா? வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். "இவன் நெஞ்சளவு தண்ணிங்க. எந்திரிச்சு நின்னிருந்தாப் போதும். நிக்கோணும்னே இவனுக்குத் தோணல பாருங்க." வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னார். பெண்வீட்டாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வந்து நின்ற அன்றுதான் எனக்கு அவசரம் பிறந்தது. அவர் போவதற்குள் அந்தத் தொட்டிக் கதைக்கு வேறு ஒரு முடிவைக் காட்டிவிட வேண்டும். ஹோட்டல் நீச்சல் குளத்தில் விடியற்காலைகளில் தட்டுத்தடுமாறி நீந்தக் கற்றேன். அது போதாதா என்றாள் மனைவி. போதாது. நெஞ்சளவுத் தண்ணீரில் நிற்கத் தெரியாதவன் என்று பெயரெடுத்தவன், கடலின் அடியில் போய் உட்கார்ந்து மூச்சுவிட்டுக் காட்ட வேண்டும். வேறு எதுவும் அவர் வாயை அடைக்காது.

புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுத்தருகிற ஓர் இடத்தில் பணம் கட்டினேன். கிளம்பும்போது அப்பா மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். "நான் சிலிண்டரோட மேல கெடக்கறேன். நீ சிலிண்டரக் கட்டிக்கிட்டுக் கீழ போறியா சாமி?" என்றார். சிரிக்க முயன்று இருமினார். அவர் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் நாள் பயிற்சியாளர் ஒவ்வொருவரின் ஊரையும் கேட்டார். நான் ஏற்காடு என்றதும் சிரித்தார். "அப்போ முங்கி எழுந்த அன்னிக்கு வீட்டுக்குப் போக முடியாது சார். ஒருநாள் தங்கித்தான் மலையேறணும்." ஆழத்தில் சுவாசிக்கிற காற்று உடம்புக்குள் கரைந்து நிற்குமாம். அது அடங்குமுன் உயரத்துக்குப் போனால் மூடி திறந்த சோடா பாட்டில் மாதிரி ரத்தத்தில் குமிழி கிளம்புமாம், முதலில் மூட்டுகள் வலிக்குமாம். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆழம் போவதைப் பற்றியே நான் நடுங்கிக்கொண்டிருந்தேன், உயரத்தை யார் நினைத்தார்கள்.

அந்த முறை கடலுக்கே போகவில்லை. குளத்தில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றச் சொன்னார்கள். நான் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினேன். தொட்டித் தண்ணீரின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. குளோரின் தண்ணீரில் அது எப்படி வரும்? வந்தது. இருமிக்கொண்டே கரையேறி ஊருக்குப் பஸ் பிடித்தேன். அடுத்த முறை படகிலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே காதுக்குள் ஆணி அடித்தது. பாய்ந்து மேலே வந்து படகு முழுக்க வாந்தி. "போன காரியம் என்னாச்சு?" என்று அப்பா கேட்டார். நான் ஈரத்துணியைக் காயப்போடப் போனேன். வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் தொட்டிக் கதையை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் முழுக்கச் சொல்லி முடித்தார்.

மூன்றாவது முறை போனபோது நம்பிக்கையோடு போகவில்லை. வீம்போடு போனேன். அன்று மட்டும் ஏனோ காது வழிவிட்டது. அடியில் மணலில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன். என் மூச்சின் சத்தம் மட்டும் கேட்டது. கலங்கலில் ஏதோ ஒரு சின்ன மீன் என் கையுறையை முகர்ந்துவிட்டுப் போனது. எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் ஓய்வெடுத்து இரண்டாவது தடவையும் இறங்கினேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அடியில் இருந்தபடியே யோசித்தேன்.

கரைக்கு வந்து பையிலிருந்து போனை எடுத்தால் அக்காவின் அழைப்புகளாக இருந்தன. அப்பாவோடு இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். திருப்பி அழைத்தேன். "டாக்டர் கைய விரிச்சுட்டாரு கண்ணு. ஊட்டுலயே வெச்சுக்கங்கன்னுட்டாரு. உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கறாரு. ஒடனே கெளம்பி வா."

பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சேலம் வரைக்கும் போங்க சார். மலை மட்டும் நாளைக்கு மத்தியானத்துக்கு மேல ஏறுங்க."

"இன்னைக்கே ஏறினா?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். கை கால் விழுந்தும் போகலாம். போங்கன்னு என் வாயால சொல்ல முடியாது சார்."

சாயங்காலம் அடிவாரத்தில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஏற்காடு பஸ் வந்தபோதும் எழுந்தேன், பிறகு உட்கார்ந்தேன். "ஏனுங்க, ஏர்றீங்களா இல்லீங்களா?" என்று ஒரு கண்டக்டர் சலித்துக்கொண்டார். மேலே கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன. எனக்குக் கல்லூரி போகிற ஒரு மகள் இருக்கிறாள். கை கால் விழுந்து கிடப்பதை நினைத்தேன். அப்பாவை நினைத்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன்.

அக்காவிடம் போனில் சொன்னேன். "தண்ணிக்குள்ள முங்கினா அன்னைக்கு மலையேறக் கூடாதுங்க்கா."

"இது எந்த ஊரு ஞாயம்? அடிவாரத்துல வந்து ஒக்காந்துக்கிட்டு... இதை நான் அவருகிட்டச் சொல்றதா? நீயே சொல்லு" என்று போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

சிலிண்டர் சீறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல். "எங்க... இருக்கற?"

"அடிவாரத்துலங்கப்பா."

"ஏறி... வல்லியா?"

காற்று, ஆழம், குமிழி என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். அதையெல்லாம் கேட்க அவருக்கு மூச்சு இருக்காது என்று தெரிந்தது.

"பயமா... இருக்குதா கண்ணு?"

இந்தக் கேள்வியை அவர் என்னிடம் அதுவரை கேட்டதே இல்லை. தொட்டியிலிருந்து தூக்கிப் போட்ட அன்றுகூடக் கேட்கவில்லை.

"ஆமாங்கப்பா" என்றேன்.

"செரி... செரி. அங்கியே இரு."

அதற்குமேல் சத்தம் வரவில்லை. அடியில் போய் உட்கார்ந்ததை நான் சொல்லவே இல்லை. டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா மறுபடி அழைத்தாள். அவள் அழுகிற சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

மத்தியானம் வரை காத்திருக்க இனி என்ன இருந்தது? விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் முழங்கையை மடக்கிப் பார்த்தேன், கால்விரல்களை அசைத்துப் பார்த்தேன். எங்கேயாவது வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒண்டிக்கடையில் இறங்கி, வீட்டு வாசலில் கூடியிருந்தவர்கள் எனக்கு வழிவிட்டபோதும் மடக்கிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். எந்த மூட்டும் வலிக்கவில்லை.